பழைய பேப்பரில் வேட உடை: தாள் தேர்விலிருந்து மாட்டிப் பார்ப்பது வரை

காகிதத்தில் செய்த வேட உடை மேடை ஏறுவதற்கு முன்பே கிழிந்துவிட்டதென்றால், பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். துணியை வெட்டுவது மாதிரியே உடம்போடு ஒட்டி வெட்டியிருப்பார்கள். துணி இழுத்த இழுப்புக்கு வரும், காகிதம் வராது. அக்குளிலோ கழுத்திலோ ஒரு சின்னக் கீறல் விழுந்தால் போதும், அங்கிருந்து சரசரவென்று ஓடிவிடும்.

ஆனால் துணிக்கு வராத சில வேலைகள் காகிதத்துக்கு வரும். மடித்த மடிப்பு அப்படியே நிற்கும். வெட்டிய ஓரத்தில் நூல் பிரியாது. கத்தரிக்கோலின் மழுங்கிய பக்கத்தால் இழுத்தால் சுருள் சுருளாகச் சுருண்டுகொள்ளும். ஆகவே தளர்வாக வெட்ட வேண்டும், பக்கங்களைத் திறந்தே விட வேண்டும், அழகு சேர்க்கும் வேலையை மடிப்புகளும் அடுக்குகளும் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த முறையில் ஒரு சட்டை, ஒரு பாவாடை, ஒரு ஜோடி இறக்கை, ஒரு தலையணி செய்யத் தெரிந்துவிட்டால் ராஜா, தேவதை, கிளி, சிங்கம், மீன், போர்வீரன் என்று எந்த வேடத்தையும் இவற்றிலிருந்தே எடுத்துவிடலாம்.

இது புது யோசனையும் இல்லை. ஜப்பானில் துறவிகளும் போர்வீரர்களும் உடுத்திய 'காமிகோ' என்ற உடை காகிதத்தால் ஆனது. 1966-இல் அமெரிக்காவின் ஸ்காட் பேப்பர் நிறுவனம் விளம்பரத்துக்காகக் காகித கவுன்களை வெளியிட்டபோது ஏறக்குறைய 5 லட்சம் கவுன்கள் போயின. அந்த கவுனின் வெட்டைப் பார்த்தால் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது: கை கிடையாது, இடுப்புப் பிடிப்பு கிடையாது, தோளிலிருந்து கீழே விரிந்துகொண்டே போகும். காகிதம் இழுபடாமல் இருக்க அந்த வடிவம்தான் சரி.

எந்தத் தாள் எதற்கு

செய்தித்தாள் மிக மெல்லியது. சதுர மீட்டருக்கு 45 கிராம் அளவில்தான் இருக்கும். சாதாரண ஏ4 தாள் 70 முதல் 80 கிராம். எனவே செய்தித்தாளை ஒற்றைத் தாளாக உடம்பில் மாட்ட முடியாது. இறகு, செதில், முறுக்கிய கயிறு, உள்ளே அடைக்கும் அடைப்பு ஆகியவற்றுக்கு அதைவிட நல்லது எதுவும் இல்லை. அச்சு மை கையிலும் உடையிலும் ஒட்டும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

புத்தகத்துக்கு அட்டை போடும் பிரவுன் பேப்பர்தான் என் முதல் தேர்வு. நீளமான மர இழைகளால் ஆனது என்பதால் மற்ற தாள்களைவிடக் கிழிசலைத் தாங்கும். சுருளாகக் கிடைத்தால் ஒட்டுப் போடும் வேலையும் மிச்சம். பொருள் சுற்றி வந்த பழைய பிரவுன் பேப்பரும், பேப்பர் பைகளைப் பிரித்தெடுத்த தாளும் இதே வேலையைச் செய்யும்.

க்ரேப் பேப்பர் சுருக்கம் சுருக்கமாக இருப்பதால் இழுத்தால் நீளும். பாவாடைக்கும் பூவுக்கும் அது வேண்டும். கிரீடத்துக்கு சார்ட் பேப்பர். இறக்கையின் முதுகெலும்புக்குப் பழைய அட்டைப்பெட்டி. டிஷ்யூ பேப்பர் அழகுக்கு மட்டும். பாரம் தாங்க வேண்டிய இடத்தில் வைக்காதீர்கள்.

இவை போக மாஸ்கிங் டேப், கத்தரிக்கோல், அளவு நாடா, பென்சில், வெள்ளைப் பசை, துணி நாடா, பஞ்சிங் மெஷின் இருந்தால் போதும். பெரிய பரப்பில் தாளோடு தாள் ஒட்ட மைதாப் பசையே சிக்கனம். ஒரு பங்கு மைதாவைக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, நான்கு பங்கு கொதிக்கும் நீரில் ஊற்றி, கண்ணாடி மாதிரி பளபளப்பு வரும்வரை கிளறி ஆறவிடுங்கள். இரண்டொரு நாளில் புளித்துவிடும் என்பதால் தேவைக்கு மட்டும் காய்ச்சுங்கள்.

இழை ஓடும் திசை

பலர் தாண்டிப் போகும் விஷயம் இது. பாதி வேலையை இதுதான் தீர்மானிக்கிறது. ஆலையில் தாள் உருவாகும்போது இழைகள் பெரும்பாலும் ஒரே திசையில் படிகின்றன. அந்தத் திசையில் தாள் நேராகக் கிழியும், சுத்தமாக மடியும். குறுக்கே கிழித்தால் கோணல்மாணலாகப் போகும். ஒரு செய்தித்தாளை மேலிருந்து கீழாகக் கிழித்துப் பாருங்கள், கோடு போட்ட மாதிரி வரும். பக்கவாட்டில் கிழித்தால் எங்கெங்கோ போகும்.

மற்ற தாள்களில் கண்டுபிடிக்க, சதுரமாக ஒரு துண்டு வெட்டி, முதலில் இடது வலது ஓரங்களையும், பிறகு மேல் கீழ் ஓரங்களையும் ஒன்றோடொன்று சேர்ப்பது போல லேசாக வளையுங்கள். எந்த வளைவு கைக்கு இலகுவாக இருக்கிறதோ, அந்த வளைவின் முதுகு ஓடும் திசையே இழையின் திசை. தாளின் மூலையில் பென்சிலால் ஒரு அம்புக்குறி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். கிரீடத்தின் பட்டைக்கு இழை மேலிருந்து கீழாக நிற்க வேண்டும், அப்போதுதான் தலையைச் சுற்றி உடையாமல் வளையும். இறகுக்கு இழை நீளவாக்கில் ஓட வேண்டும், இல்லையென்றால் நுனி தொங்கிப்போகும். சுருள வேண்டிய கீற்றுகளுக்கு நேர் எதிர்: கீற்றின் நீளத்துக்குக் குறுக்கே இழை ஓடினால் சீக்கிரம் சுருளும்.

பிரவுன் பேப்பரைப் பதப்படுத்துவது

கடையிலிருந்து வந்த பிரவுன் பேப்பரை அப்படியே மாட்டினால் பலகை மாதிரி நிற்கும், நடந்தால் மொரமொரவென்று சத்தம் போடும். பதப்படுத்தினால் மென்தோல் போல மடிந்து விழும். நேரம் பிடிக்கும் வேலைதான். ஆனாலும் வேறு எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்க வேண்டாம் என்பேன்.

முதலில் சட்டைக்குத் தேவையான அளவைவிடச் சுற்றிலும் 5 செ.மீ. கூடுதலாகத் தாளை வெட்டிக்கொள்ளுங்கள். கசக்கக் கசக்கத் தாள் கொஞ்சம் சுருங்கும். தாளை மெதுவாகப் பந்தாக உருட்டுங்கள். ஒரேயடியாக இறுக்கினால் கூர்மையான முனைகள் உண்டாகி அங்கே ஓட்டை விழும். பிரியுங்கள், உள்ளங்கையால் நீவுங்கள், வேறொரு மூலையிலிருந்து திரும்பக் கசக்குங்கள். நாலைந்து முறை ஆனதும் தாள் தன் விறைப்பை விட்டுவிடும். அப்புறம் ஸ்பிரே பாட்டிலாலோ ஈரக்கையாலோ லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். சொட்டக் கூடாது, பதமாக இருந்தால் போதும். ஈரம் இழைகளுக்கு நடுவே உள்ள பிடிப்பைத் தளர்த்துவதால் தாள் இன்னும் இளகும். அந்த நேரத்தில் அது வலுவில்லாமலும் இருக்கும், இழுத்துவிடாதீர்கள். இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்து, துணி துவைக்கும்போது கசக்குவது போல, ஆனால் மிக மென்மையாகத் தேயுங்கள்.

காதை அருகில் வைத்துக் கேளுங்கள். மொரமொரப்பு குறைந்து, துணி உரசுகிற மாதிரி மெல்லிய சத்தம் மட்டும் வந்தால் பதம் வந்துவிட்டது. விரித்து நிழலில் உலர்த்துங்கள். முழுதாகக் காய்ந்த பிறகு பார்த்தால் தாள் முழுக்க நரம்பு நரம்பாகக் கோடுகள் ஓடியிருக்கும். பழைய காலத்து உடை, விலங்கின் தோல், மரப்பட்டை எல்லாவற்றுக்கும் அந்தக் கோடுகளே அழகு. அதன்மேல் சாயம் தோய்த்த காய்ந்த பிரஷை லேசாக ஓட்டினால் மேடுகள் மட்டும் நிறம் பிடிக்கும்.

ஜப்பானியர்கள் காமிகோவுக்கும் தாளைக் கசக்கித்தான் மென்மையாக்கினார்கள். வலுவுக்கு ஒருவகைக் கிழங்கு மாவின் பசையோ சீமைப் பனிச்சைக் (பெர்சிமன்) காயின் சாறோ பூசினார்கள். அவர்களுடைய தாள் நீள இழை கொண்ட மரப்பட்டையில் செய்தது, பல நாள் உழைக்கும். நம்முடையது ஒரு நாள் உழைத்தால் போதும் என்பதால் பூச்சு தேவையில்லை.

அடிப்படைச் சட்டை

மூன்று அளவு எடுங்கள்: தோளின் உச்சியிலிருந்து முழங்கால் வரை, ஒரு தோள் நுனியிலிருந்து மறு தோள் நுனி வரை, தலையின் சுற்றளவு. முதல் அளவை இரண்டால் பெருக்கி, மடிப்புக்கு 4 செ.மீ. சேர்த்தால் தாளின் நீளம். இரண்டாவது அளவோடு பக்கத்துக்கு 10 செ.மீ. சேர்த்தால் அகலம். முழங்கால் வரை 70 செ.மீ., தோள் அகலம் 30 செ.மீ. உள்ள குழந்தைக்கு 144 செ.மீ. நீளமும் 50 செ.மீ. அகலமும் வேண்டும்.

தாள் பத்தவில்லையா? இரண்டு தாள்களை 3 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒட்டி, இரு பக்கமும் டேப் போடுங்கள். ஒட்டு தோள் மடிப்பில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், பாரம் முழுவதும் அங்கேதான் இறங்கும்.

தாளைக் குறுக்கே பாதியாக மடியுங்கள். அந்த மடிப்புதான் தோள். மறுபடி நெடுக்கே பாதியாக மடித்தால் ஒரு மூலையில் இரண்டு மடிப்புகளும் சந்திக்கும். அதுதான் கழுத்தின் நடு. அந்த மூலையிலிருந்து தோள் மடிப்பில் 7 செ.மீ., நெடுக்கு மடிப்பில் 2 செ.மீ. குறித்து, இரண்டையும் வளைகோட்டால் இணைத்து எல்லா அடுக்குகளையும் சேர்த்து வெட்டுங்கள். இது பின்கழுத்தின் ஆழம். பிரித்து, முன்பக்கத்தை மட்டும் இன்னும் 5 செ.மீ. இறக்கி வெட்டுங்கள். வளைவு முழுக்க வழவழப்பாக இருக்கட்டும். கூர்மையான மூலை எங்கே இருக்கிறதோ அங்கேதான் கிழிசல் தொடங்கும்.

இந்தக் கழுத்தில் தலை நுழையாது. நுழையவும் வேண்டாம். பின்பக்கம் நடுவில் 10 முதல் 12 செ.மீ. நேராகக் கீறி, கீறலின் முடிவில் பஞ்சிங் மெஷினால் ஒரு வட்டத் துளை போடுங்கள். மெஷின் அவ்வளவு உள்ளே எட்டாவிட்டால் பேனா முனையால் குத்திச் சுற்றிலும் வெட்டலாம். வட்டத் துளையில் இழுவிசை ஒரு புள்ளியில் குவியாமல் பரவிவிடுவதால் கீறல் அதற்கு மேல் ஓடாது. துளையைச் சுற்றிப் பின்பக்கம் ஒரு துண்டு டேப் ஒட்டி, அதே துளையை டேப்பிலும் வெட்டிவிடுங்கள்.

கழுத்து ஓரத்துக்கு டேப் போடும்போது நீளமான ஒரே துண்டாகப் போட்டால் வளைவில் சுருங்கும். 4 செ.மீ. துண்டுகளாகக் கிழித்து, ஒன்றின் பாதி இன்னொன்றின் மேல் ஏறும்படி, பாதி வெளியே பாதி உள்ளே மடித்து ஒட்டிக்கொண்டே போங்கள். கீழ் விளிம்பை 2 செ.மீ. உள்ளே மடித்து டேப் வையுங்கள்.

பக்கங்களை மூடாதீர்கள். அக்குளுக்குக் கீழே ஒரு கை அளவு விட்டு, முன்னும் பின்னும் டேப்பால் வலுவாக்கித் துளை போட்டு, துணி நாடாவைக் கோத்து முடிச்சுப் போடுங்கள். இடுப்பருகில் இன்னொரு முடிச்சு. கையைத் தூக்கினாலும் உட்கார்ந்தாலும் கிழியாமல் இருப்பதற்கு இந்தத் திறந்த பக்கம்தான் காரணம். சட்டைக்குக் கை கட்டாயம் வேண்டுமென்றால் உடலோடு இணைக்காமல், மணிக்கட்டில் அகலமான பட்டையாகத் தனியே செய்து மாட்டுங்கள்; பார்ப்பவர் கண்ணுக்கு அதுவே முழுக்கையாகத் தெரியும்.

க்ரேப் பாவாடை

க்ரேப் பேப்பரின் சுருக்கக் கோடுகள் மேலிருந்து கீழாக விழ வேண்டும். கடைகளில் மடித்துக் கிடைப்பது வழக்கமாக 50 செ.மீ. அகலமும் 2.5 மீட்டர் நீளமும் இருக்கும். அந்த 50 செ.மீ.யைப் பாவாடையின் உயரமாக வைத்தால் கோடுகள் தானாகவே சரியாக வரும். இடுப்புச் சுற்றளவைவிட ஒரு கை அளவு நீளமான துணி நாடாவை மேல் ஓரத்திலிருந்து 3 செ.மீ. உள்ளே வைத்து, ஓரத்தை அதன்மேல் மடித்துப் பசை போடுங்கள். நாடாவில் பசை படக்கூடாது. காய்ந்ததும் நாடாவின் நுனிகளைப் பிடித்துக்கொண்டு தாளை நகர்த்தினால் சுருக்கம் சீராக விழும். ஊசி வேலையே வேண்டாம். வளையமாக மூடாமல் பின்னால் முடிச்சுப் போடும்படி விட்டால் யாருக்கும் பொருந்தும்.

கீழ் விளிம்பில் அலை வேண்டுமா? இரண்டு கட்டை விரல்களுக்கு நடுவே 2 செ.மீ. அளவு ஓரத்தைப் பிடித்து வெளிப்புறமாக இழுங்கள், விடுங்கள், அடுத்த 2 செ.மீ. இப்படியே விளிம்பு முழுக்கப் போனால் பூவிதழ் மாதிரி நெளியும். உயரம் குறைந்த இரண்டு அடுக்குகளை மேலே சேர்த்தால் தேவதை வேடத்துக்கு அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். ஒன்று மட்டும் கவனம்: க்ரேப் பேப்பரின் சாயம் வியர்வை பட்டாலும் தண்ணீர் பட்டாலும் இறங்கும். உள்ளே பழைய பருத்தி உடை போடாமல் மாட்ட வேண்டாம்.

இறகு, செதில், பிடரி

மூன்றுக்கும் ஒரே விதி: கீழிருந்து தொடங்கி மேலே வர வேண்டும், மேல் நுனியை மட்டும் ஒட்ட வேண்டும். முழுதும் ஒட்டிவிட்டால் அசையாது, உயிர் இருக்காது.

இறகுக்கு 15 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலத்தில் செய்தித்தாளை வெட்டுங்கள். நான்கைந்து தாள்களை அடுக்கி ஒரே வெட்டாக வெட்டலாம். அதிகம் அடுக்கினால் உள்தாள் நழுவி அளவு மாறிவிடும். நெடுக்கே மடித்து நுனியைக் கூராக்கி, திறந்த ஓரத்திலிருந்து மடிப்பை நோக்கிச் சாய்வாக நெருங்க நெருங்கக் கீறுங்கள். மடிப்புக்கு அரை செ.மீ. முன்னால் நிறுத்துங்கள். பிரித்தால் நடுவில் தண்டும் இரு பக்கமும் மயிரிழையுமாக நிஜ இறகாகவே இருக்கும். அட்டையில் இறக்கையின் வடிவம் வெட்டி, கீழ் வரிசை முதலில், அடுத்த வரிசை அதன் பாதியை மூடும்படி, மேலே போகப் போகச் சின்ன இறகுகளாக ஒட்டுங்கள். அட்டையின் நடுவில் நான்கு துளை போட்டுத் துணி நாடா கோத்து, புத்தகப்பை மாட்டுவது போல இரு தோளிலும் மாட்டிவிடலாம். கழுத்தில் கட்டவே கூடாது.

செதிலும் இதே வேலைதான். நுனி வளைந்த துண்டுகள், மேல் வரிசை கீழ் வரிசையின் இடைவெளியை மூடும்படி நகர்த்தி ஒட்டுங்கள். அடிப்படைச் சட்டையின் நெஞ்சில் ஒட்டினால் போர்வீரன், பச்சையிலோ நீலத்திலோ முழுக்க ஒட்டினால் மீன்.

சிங்கத்தின் பிடரிக்கு 12 செ.மீ. அகலப் பட்டைகளை எடுத்து, ஒரு ஓரத்தில் 2 செ.மீ. விட்டு மீதியைக் கீற்றாகக் கீறுங்கள். ஒவ்வொரு கொத்தையும் கத்தரிக்கோலின் மழுங்கிய ஓரத்துக்கும் கட்டை விரலுக்கும் நடுவில் அழுத்தி மெதுவாக இழுத்தால் சுருளும். தலைப்பட்டையைச் சுற்றி மூன்று வரிசை ஒட்டினால் முகம் தெரிய அழகான பிடரி கிடைக்கும்.

தலையும் முகமும்

கிரீடத்துக்குத் தலைச் சுற்றளவோடு 3 செ.மீ. சேர்த்து, 10 செ.மீ. அகலத்தில் சார்ட் பேப்பர். மேல் ஓரத்தில் கூர்முனைகளை வெட்டிவிட்டு, நெற்றியில் படும் ஓரத்தை உள்ளே மடித்துவிடுங்கள். வெட்டிய ஓரம் நெற்றியில் உரசும். பட்டையின் இரு நுனிகளையும் சேர்க்க ஸ்டேப்ளர் அடித்தால் பின்னின் வளைந்த முனைகள் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். அதன்மேல் டேப் ஒட்டுங்கள்.

முகத்தை முழுக்க மூடும் முகமூடியை நான் குழந்தைகளுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். பக்கவாட்டுப் பார்வை போய்விடும், மூச்சின் ஈரத்தில் தாளும் இளகிவிடும். கண், அலகு, காது எல்லாவற்றையும் தலைப்பட்டையில் வைத்து நெற்றிக்கு மேல் நிறுத்தினால் கிளி கிளியாகவும் தெரியும், குழந்தையின் சிரிப்பும் தெரியும்.

நிறம்

ஒட்டும் முன்பே, தாள் சமதளமாக இருக்கும்போதே நிறம் பூசிவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் நனைந்தால் அந்தப் பக்கம் விரிந்து தாள் வளையும். பின்பக்கமும் வெறும் தண்ணீரை லேசாகப் பூசினால் வளைவு குறையும். செய்தித்தாளில் எழுத்து தெரியக் கூடாதென்றால் முதலில் வெள்ளை ஒரு கோட். அவசரம் என்றால் கிரேயான் போதும், காய வைக்கும் வேலை இல்லை. நுணுக்கமான கோலங்களில் நேரத்தைச் செலவிடாதீர்கள். தூரத்திலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவது உருவத்தின் வெளிக்கோடும் இரண்டு மூன்று நிறங்களும்தான்.

பாதுகாப்பு

காகிதம் சட்டென்று தீப்பற்றும். கீற்றாக வெட்டியதும் க்ரேப் அடுக்குகளும் நடுவில் காற்று இருப்பதால் இன்னும் வேகமாகப் பிடிக்கும். மெழுகுவர்த்தி, விளக்கு, அடுப்பு, பட்டாசு எதன் அருகிலும் இந்த உடையோடு போகக் கூடாது. விளக்கேந்தும் வேடமென்றால் விளக்கும் காகிதமாகவே இருக்கட்டும். கணுக்காலுக்குக் கீழே எதுவும் தொங்க வேண்டாம். கழுத்தில் முடிச்சு வேண்டாம்; பின்கழுத்தை மூட ஒரு துண்டு மாஸ்கிங் டேப் போதும், எங்காவது மாட்டி இழுத்தால் அதுவே விட்டுக்கொடுக்கும்.

மாட்டிப் பார்ப்பது

முந்தின நாளே மாட்டி, உட்காரச் சொல்லுங்கள், கையைத் தூக்கச் சொல்லுங்கள், படியேறச் சொல்லுங்கள். இழுபடும் இடத்தில் தாள் வெளிறிக் கோடு விழும், அங்கே உள்ளே ஒரு டேப் ஒட்டுங்கள். கழிப்பறைக்குப் போகும்போது குழந்தை எதைத் தானே கழற்ற முடியும் என்பதையும் அன்றே பழக்கிவிடுங்கள். பக்க முடிச்சுகள் உருவி முடிச்சாக இருந்தால் ஒரு இழுப்பில் வந்துவிடும். மாட்டும் வரிசை: பாவாடை, சட்டை, இறக்கை, கடைசியில் தலை.

நிகழ்ச்சிக்குப் போகும்போது உடையை மாட்டிவிட்டு வண்டியில் உட்கார வைக்காதீர்கள். சட்டையையும் பாவாடையையும் தளர்வாகச் சுருட்டி, இறக்கையைத் தட்டையாகத் தனியே எடுத்துச் சென்று, அங்கே மாட்டுங்கள். பையில் மாஸ்கிங் டேப், சின்னக் கத்தரிக்கோல், நான்கைந்து உதிரி இறகுகள், ஒரு முழம் நாடா இருக்கட்டும். கிழிந்தால் டேப்பை எப்போதும் உள்பக்கமாகவே ஒட்டுங்கள்.

திரும்பி வந்ததும் ஈரமில்லாமல் காயவிட்டுச் சுருட்டி வைத்தால் இன்னொரு முறைக்கு ஆகும். பிரவுன் சட்டை கசங்கினாலும் அழகு குறையாது என்பதால், மேலே ஒட்டிய செதிலை உரித்துவிட்டு அடுத்த வேடத்துக்கு அதையே எடுக்கலாம். உபயோகம் முடிந்ததென்றால் நாடா, டேப், பின் எல்லாவற்றையும் பிரித்தெடுத்த பிறகு தாளைப் பழைய பேப்பரோடு போடுங்கள்.